வாயிற்கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

கல்லூரி ஆசிரியர் போராட்டம் என்றால் வெளியில் இருப்பவர்கள் கண்ணுக்குப் படுவது, கேட்டுக்கு முன்னால் கருப்பு பேட்ஜோடு நிற்கும் நாற்பது ஐம்பது பேரும் ஒரு பதாகையும்தான். ஆனால் அவர்கள் அங்கே வந்து நிற்பதற்கு முன்பே போராட்டத்தின் பாதிக் கதை முடிவாகிவிடுகிறது. அதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. கல்வி நிலையமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே பாடம் நடத்துகிற ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் சொல்லிவிட்டது. பணிக்கொடை கிடைக்கக்கூட 2009இல் ஒரு சட்டத் திருத்தமும், அது செல்லும் என்று 2022இல் ஒரு தீர்ப்பும் வரவேண்டியிருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு இருந்த வேலைநிறுத்த நோட்டீஸ், சமரச அதிகாரி, தொழிலாளர் நீதிமன்றம் என்ற வழி பேராசிரியருக்கு அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குபடுத்துதல்) சட்டம், கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம், பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றம். நான்கு இடத்திலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

அதனால் கோரிக்கை மனுவிலிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் சறுக்கும் இடமும் இதுதான். பொதுக்குழுவில் ஆளுக்கொன்று சொல்ல, எல்லாவற்றையும் சேர்த்துப் பதினாறு அம்சக் கோரிக்கை என்று அச்சடித்துவிடுவார்கள். அதில் பணி மேம்பாட்டு ஊதியம் இருக்கும், பழைய ஓய்வூதியம் இருக்கும், ஸ்டாஃப் ரூம் மின்விசிறியும் இருக்கும். நிர்வாகம் என்ன செய்யும்? மின்விசிறியை மறுநாளே மாட்டிவிட்டு, ஓய்வூதியம் அரசின் கையில் இருப்பது என்று சொல்லி, நடுவில் உள்ள உண்மையான கோரிக்கைகளைத் தொடாமல் பதில் கடிதம் அனுப்பும். படிப்பவருக்கு நிர்வாகம் நியாயமாகவே நடந்துகொள்வதுபோலத் தோன்றும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே, அதை முடித்துத் தரக்கூடியவர் கல்லூரி நிர்வாகத்தின் செயலரா, முதல்வரா, இணை இயக்குநரா, அரசா என்று எழுதிப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கும். செயலரின் ஒரு கையெழுத்தில் முடியக்கூடியவை மட்டும் நிர்வாகத்துக்கான மனுவில் இருக்கட்டும். மூன்றோ நான்கோ போதும்.

பணி மேம்பாட்டையே எடுத்துக்கொள்வோம். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 நெறிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் 10ஆம் ஊதிய நிலையிலிருந்து 11க்குப் போக முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. மனுவில் "பணி மேம்பாடு வழங்குக" என்று ஒற்றை வரியில் எழுதுவதால் பயனில்லை. யாருக்கு எந்தத் தேதியில் தகுதி வந்தது, விண்ணப்பம் எந்தத் தேதியில் முதல்வர் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது, இப்போது எந்த மேசையில் கிடக்கிறது என்று அட்டவணை வேண்டும். கோப்பு இணை இயக்குநர் அலுவலகத்தில் இருப்பதாகக் கல்லூரி சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த அலுவலகத்துக்கே ஒரு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கோப்பு அங்கே வந்து சேரவேயில்லை என்று பதில் வந்தால், வாயிற்கூட்டத்தில் அந்த ஒரு தாளை வாசித்தாலே போதும்.

மனுவை நேரில் கொடுத்தால் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நகலில் கையெழுத்துப் போடமாட்டார்கள். "ஐயா வந்ததும் சொல்றேன் சார்" என்பது வழக்கமான பதில். வற்புறுத்த வேண்டாம், அந்த எழுத்தரும் சம்பளக்காரர்தான். அன்றைக்கே பட்டுவாடாச் சான்று கேட்டு விரைவுத் தபாலிலும் (ஸ்பீடு போஸ்ட்) கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிட வேண்டும். இணை இயக்குநருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் நகல். பட்டுவாடாச் சான்று வந்ததும் கோப்பில் ஒட்டி வைக்க வேண்டும். பின்னால் வழக்கு என்று போனால், "எங்களிடம் கோரிக்கையே வைக்கவில்லை" என்ற நிர்வாகத்தின் முதல் வாதம் அந்தச் சான்றில்தான் உடையும்.

இன்னொன்று பலருக்கு உறைப்பதில்லை. சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால், தேர்தல் நடந்ததும் புதிய பொறுப்பாளர் பட்டியலை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கும் போக வேண்டும். சும்மா இருக்கும் காலத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. பிரச்சினை முற்றியதும் நிர்வாகத்தின் வழக்கறிஞர் முதலில் தேடுவது இதைத்தான்: மனுவில் கையெழுத்திட்ட தலைவர் பதிவேட்டின்படி தலைவரே இல்லை என்று சொல்லிவிட்டால், நீதிமன்றத்தில் கோரிக்கையைப் பற்றிப் பேசுவதற்கே ஆறு மாதம் ஆகும்.

சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் விஷயத்தில் அரசு உதவிபெறும் பிரிவினர் பெரும்பாலும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம். காலை ஷிஃப்ட்டில் இருப்பவருக்குச் சம்பளம் அரசு தருகிறது. மதிய ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு நிர்வாகம் தருகிறது. பல இடங்களில் 11 மாத ஆணைதான். ஏப்ரலோடு முடித்து ஜூனில் மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள், அல்லது சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அவரையும் கையெழுத்து வேட்டையில் இழுத்து, அந்தத் தாளை அப்படியே செயலரிடம் கொடுத்தால் அது நீக்கவேண்டியவர்களின் பட்டியலாகிவிடும். அவர்களுடைய கோரிக்கை மனுவில் இருக்க வேண்டும், பெயர் இருக்கக் கூடாது. பொறுப்பாளர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதும். வருங்கால வைப்பு நிதி பிடித்தும் கட்டாமல் இருந்தால் அவரவர் யுஏஎன் (வைப்பு நிதி உறுப்பினர் எண்) பாஸ்புக்கில் தெரிந்துவிடும். அதற்கு வாயிற்கூட்டத்தைவிட வைப்பு நிதி அலுவலகத்தில் கொடுக்கும் புகார் வேகமாக வேலை செய்யும்.

இனி போராட்ட வடிவம். பேட்ஜ் அணிந்து வகுப்பெடுப்பது, உணவு இடைவேளையில் வாயிற்கூட்டம், மாலை ஆர்ப்பாட்டம், ஒரு நாள் தர்ணா என்று படிப்படியாகப் போவதற்குக் காரணம் பயம் அல்ல. வகுப்பு நேரத்தைத் தொடாதவரை நிர்வாகத்தால் சம்பளத்தில் கை வைக்க முடியாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கால அட்டவணைப்படி வகுப்பு, வேலைக் குறிப்பேட்டில் பதிவு, அதன் பிறகு கேட். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி சொல்லும் வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் குறையாமல் ஏட்டில் இருந்தால், "பணியைப் புறக்கணித்தார்" என்ற குற்றச்சாட்டு நிற்காது. எல்லோரும் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பது பார்க்க எளிது, ஆனால் அதில் சிக்கல் அதிகம். அந்த விடுப்பு உரிமை அல்ல. மறுக்கப்பட்டபின் வராவிட்டால் அனுமதியில்லாத ஆப்சென்ட், சம்பளப் பிடித்தம். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துப் போட்டு, உதவிபெறும் கல்லூரி நிர்வாகங்களும் மிரட்டிப் பார்க்கும்.

நாள் குறிப்பதில் அனுபவம் பேச வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு வாரத்தில் தொடங்கினால் இரண்டே நாளில் பெற்றோர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். செமஸ்டரின் முதல் வாரத்தில் யாருக்கும் எதுவும் உறைக்காது. கல்லூரிக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்குத் தேதி குறிக்கப்பட்டபின், சேர்க்கை விளம்பரம் வெளியாகும் சமயத்தில் செயலருக்குப் பேச நேரம் கிடைக்கும். மாணவர்களைக் கேட்டுக்கு அழைத்துவரக் கூடாது, அவர்களாக வந்தாலும் மைக் தரக் கூடாது. நிர்வாகம் விளக்கம் கேட்டு அனுப்பும் குறிப்பாணையில் "மாணவர்களைத் தூண்டினார்" என்ற வரிக்கு நாமே படம் எடுத்துக் கொடுத்ததுபோல ஆகும்.

சென்னையில் ஆர்ப்பாட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே காவல் துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களிலும் அந்த இடைவெளியை விடுவது நல்லது. அதே வாரத்தில் உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனு ஒன்று போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும். கேட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது என்று நிர்வாகம் தடையாணை கேட்டுப் போனால், நம்மைக் கேட்காமல் உத்தரவு வாங்க முடியாது.

குறிப்பாணை வந்தால் ஆத்திரத்தில் அன்றிரவே பதில் எழுதக் கூடாது. எந்த ஆவணத்தை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று அந்த நகல்களைக் கேட்டு முதல் கடிதம். கிடைத்தபின் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக மறுப்பு. தற்காலிகப் பணிநீக்கம் என்றால் 1976 சட்டம் இரண்டு மாத வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் விசாரணை முடியாவிட்டால், விசாரணை ஒரு பக்கம் நடந்தாலும், ஆசிரியர் பணிக்குத் திரும்பியதாகவே கருதப்படுவார். தாமதத்துக்கு அவரே காரணம் என்றால் மட்டும், தகுதியுள்ள அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பலர் செய்யும் தவறு, வரம்பு முடிந்த பின்னும் ஆணை வரட்டும் என்று வீட்டிலேயே காத்திருப்பது. மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே கல்லூரிக்குப் போய்ப் பணியேற்புக் கடிதம் கொடுக்க வேண்டும். காவலாளி கேட்டிலேயே நிறுத்தினால், நேரம் குறிப்பிட்டு அங்கிருந்தே மின்னஞ்சல், பிற்பகலில் தபால். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்றால் எந்தெந்தப் பிரிவு பொருந்தும் என்று முன்னதாகவே வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாம் பொருந்தாது.

பேச்சுவார்த்தைக்கு மூன்று பேருக்குக் குறையாமல் போக வேண்டும், அதில் ஒருவர் எழுதுவதற்கு மட்டும். செயலரின் அறையில் தேநீரோடு கிடைக்கும் வாய்மொழி உறுதி, அந்தச் செயலர் மாறும்வரைதான். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தேதி, கல்லூரியை நிர்வகிக்கும் கல்லூரிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கப்படும் என்ற வரி, பழிவாங்கும் நடவடிக்கை இராது, கொடுத்த குறிப்பாணைகள் எண் குறிப்பிட்டுத் திரும்பப் பெறப்படும் என்ற வரி வேண்டும். இரு தரப்புக் கையெழுத்தோடு ஒரு நகல் இணை இயக்குநருக்குப் போக வேண்டும்.

பழிவாங்கல் பெரும்பாலும் ஆணையாக வராது. அடுத்த செமஸ்டர் கால அட்டவணையில் முதல் மணியும் கடைசி மணியும் ஒருவருக்கே விழும். துறைத் தலைவர் பொறுப்பு சுழற்சியில் ஒரு பெயர் தாண்டிப்போகும். ஏப்ரல் கடைசியில், பேட்ஜ் குத்தியிருந்த சுயநிதி ஆசிரியருக்கு மறுநியமன ஆணை மட்டும் தட்டச்சாகாது. அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே சங்கம் செயற்குழுவைக் கூட்டி, அந்த ஆண்டு பணியில் இருந்த சுயநிதி ஆசிரியர் அனைவரின் துறை, சேர்ந்த தேதி, தேர்ச்சி விகிதம் அடங்கிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் அந்த வரியைச் சுட்டி முதல்வருக்குக் கடிதம் எழுதிவிட வேண்டும். மே மாதத்தில் எழுதினால் அலுவலகத்தில் வாங்கவே ஆள் இருக்காது.