டிராக்கை நிறுத்தத் தெரிந்த கால்

திருமண வரவேற்புகளில் தனி ஆளாக கிட்டார் வாசிப்பவனுக்கு இரண்டு கைகளும் கம்பிகளின் மேல் இருக்கும். தபேலாவும் பேஸும் வயலின்களும், பாடும் குரலை நீக்கிய பின்னணி இசைப்பதிவான மைனஸ் ஒன் டிராக்கிலிருந்து வரும். அந்த டிராக்கை ஆள மிச்சமிருப்பது கால் மட்டுமே. தொடங்குவதற்கு ஒரு மிதி போதும். சரியான இடத்தில் நிறுத்துவதுதான் உண்மையான வேலை என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

ஆரம்பத்தில் கைப்பேசியில் பாடல்களை வரிசையாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் குனிந்து திரையைத் தொடுவேன். பிறகு, இசைக்குறிப்புப் பக்கங்களைப் புரட்டுவதற்கென விற்கப்படும் இரட்டை புளூடூத் பெடல் ஒன்றை வாங்கி மடிக்கணினியுடன் இணைத்தேன். அது கணினிக்குத் தன்னை ஒரு விசைப்பலகையாகவே காட்டிக்கொள்ளும். வலதை மிதித்தால் கீழ் அம்புக்குறி, இடதை மிதித்தால் மேல் அம்புக்குறி, அவ்வளவுதான். ஒரு வரவேற்பில் மணமக்கள் மேடையேறிக்கொண்டிருந்தபோது, வலது பெடலை மிதித்த காலை எடுக்காமல் நின்றுவிட்டேன். ஒரு விசையை விடாமல் அழுத்தினால் அதே எழுத்து வரிசையாக விழுவதைப்போல, பட்டியல் நான்கு பாட்டுகளைத் தாண்டி ஓடியது. மென்மையான ஒரு மெட்டுக்காக விரல்களை வைத்திருந்த எனக்கு முன்னால் குத்துப்பாட்டின் தாளம் மண்டபம் அதிர விழுந்தது. மணப்பெண்ணின் தந்தை திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விசை திரும்ப விழுவதைக் கணினியின் அமைப்பில் அணைத்துவிடலாம் என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கோளாறு தீர்ந்த பிறகும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது. டிராக்கின் நீளம் நான்கரை நிமிடம் என்றால் நான்கரை நிமிடம்தான். வரவேற்பு அந்தக் கணக்குக்குள் நடப்பதில்லை. புகைப்படக்காரர் மணமக்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார், வீட்டுப் பெரியவர் ஒருவர் திடீரென்று மைக்கைக் கையில் வாங்குவார், நானோ இரண்டாவது சரணத்தின் நடுவில் இருப்பேன்.

இதற்கு விடையாக அமைந்தது ஏபில்டன் லைவ் மென்பொருள். ஒவ்வொரு பாட்டையும் பல்லவி, இடையிசை, சரணம், முடிவு என்று துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறேன். இடையிசைத் துண்டு, நான் மிதிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்தால் அடுத்த துண்டுக்குப் போகும். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. எந்த நொடியில் மிதித்தாலும் மாற்றம் அடுத்த ஆவர்த்தத்தின் (தாளத்தின் ஒரு சுற்று) முதல் அடியில்தான் நிகழும்படி அதை அமைத்துவிடலாம். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில், நான்கடி ஆவர்த்தம் ஒன்று 2.5 நொடி நீளும். ஆகவே கால் சற்று முந்தினாலும் பிந்தினாலும் தாளம் பிசகாது. நிறுத்தும் பெடலுக்கும் இதே விதிதான். மிதித்துவிட்டு, வரப்போகும் முதல் அடியில் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரு முழு கார்டை மீட்டி அதன் ஒலி தானாக அடங்க விட்டால், பாட்டு அங்கே முடிவதற்காகவே அமைக்கப்பட்டதுபோல் கேட்கும்.

அந்த 2.5 நொடியும் காத்திருக்க முடியாத நேரங்களுக்காக, ஒலி அளவைக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று இடது ஓரத்தில் இருக்கிறது. அறிவிப்பாளர் மைக்கை உயர்த்துவதைப் பார்த்தவுடன் குதிகாலை மெதுவாக இறக்கினால் டிராக் கரைந்துவிடும். கிட்டாரை மட்டும் தாழ்ந்த ஒலியில் தொடர்வேன்.

பெடலைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் மண்டப மேடைகளில் பெரும்பாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷூ காலுக்கென்று செய்த இரும்புக் குமிழ்களை வெறுங்காலால் மூன்று மணி நேரம் மிதித்தால் பாதம் நோகும். கீபோர்டுக்காரர்கள் சுரத்தை நீட்டிக்கப் பயன்படுத்தும் அகலமான சஸ்டெயின் பெடல்கள் இரண்டை, வெளிப் பெடல்களை ஏற்று மிதிப்பைக் கணினிக்குக் கட்டளையாக அனுப்பும் ஒரு மிடி பெட்டியில் செருகி வைத்திருக்கிறேன். பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு யுஎஸ்பி கம்பி போகிறது. சும்மா இருந்தால் தூங்கிவிடும் புளூடூத் பெடலை நம்புவதைவிட, கம்பியை டேப் போட்டுக் கம்பளத்தோடு ஒட்டிவிடுவது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஒலி வெளியே போகும் பாதையையும் சொல்லிவிடுகிறேன். இடது சேனலில் டிராக், வலது சேனலில் என் காதுக்கு மட்டும் கேட்கும் கிளிக், அதாவது ஒவ்வோர் அடியையும் காட்டும் டிக் ஒலி. இடது, ஒலி சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பெட்டி வழியாக மிக்ஸருக்குச் செல்கிறது. வலது என் இயர்போனுக்கு. சார்ஜரைச் செருகியவுடன் ஸ்பீக்கரில் இரைச்சல் எழுந்தால், டிஐ பெட்டியிலுள்ள, ஒலிக்கம்பியின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் விசையைத் தட்டிப் பாருங்கள். பல மண்டபங்களில் எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்போது என் நேரத்தை அதிகம் எடுப்பவை பழைய பாடல்கள். கிளிக் இல்லாமல் வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்த ஒலிப்பதிவுகளில் வேகம் மூச்சுபோல ஏறி இறங்கும். அவற்றிலிருந்து குரலைப் பிரித்தெடுத்து டிராக் செய்தால், ஆவர்த்தக் கோடுகள் எதுவும் பொருந்தாது. ஒவ்வொரு முதல் அடியையும் காதால் கேட்டு நானே குறியிட வேண்டியிருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடுகிறது. அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் இன்னும் பதினொன்று மீதமிருக்கின்றன.