காணாமல் போன பீக்

எம்.ஃபார்ம் ப்ராஜெக்டில் பாராசிட்டமாலும் எக்ஸிபியன்ட்களும் (மருந்தோடு மாத்திரையில் சேர்க்கும் துணைப்பொருட்கள்) ஒத்துப்போகின்றனவா என்று டிஎஸ்சி-யில் (சூடாக்கும்போது பொருள் வெப்பத்தை வாங்குவதையும் விடுவதையும் கிராஃபாகக் காட்டும் கருவி) பார்க்கப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. மெஷின் ஓடியது என்னவோ ஒரே நாள்தான்.

எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி கிடையாது. வெளி ஆய்வகம் ஒன்றில் பணம் கட்டி மூன்று வாரம் காத்திருந்தேன். மருந்து தனியாக, எக்ஸிபியன்ட்கள் தனியாக, பிறகு 1:1 கலவைகள்; நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி சூடு ஏற்றுவார்கள். பொருள் உருகும் இடத்தில் கிராஃபில் ஒரு பீக் விழும். வழக்கமானதுதான்.

முதல் அடி லாக்டோஸில். மோனோஹைட்ரேட் (படிகத்துக்குள் நீர் இருக்கும் வகை) என்று படிவத்தில் எழுதாமல் விட்டேன். இறுக்கி மூடிய பானில் (சாம்பிள் வைக்கும் குட்டித் தட்டு) வைத்து ஓட்டினார்கள். 140 டிகிரியைத் தாண்டிப் படிக நீர் வெளியேறியதும் மூடி பிதுங்கி, கிராஃப் கிறுக்கலாகிவிட்டது. "தண்ணி இருக்கிற சாம்பிள்னு சொல்ல மாட்டியா தம்பி?" என்று ஆபரேட்டர் கடிந்துகொண்டார். நியாயம்தான். ஊசித்துளை போட்ட மூடி வேண்டும் என்று நீங்களே கேட்டு எழுதுங்கள்.

பெரிய அடி பெக் 6000 என்ற மெழுகு மாதிரியான எக்ஸிபியன்டில். தனியாக 170 டிகிரிக்குப் பக்கத்தில் அழகாக உருகிய பாராசிட்டமால், பெக் கலவையில் ஆளையே காணோம். 60 டிகிரியில் பெக்கின் பீக் மட்டும் இருந்தது. கைடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருந்தின் பீக் மறைந்ததால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று முடிவுகட்டி, "இன்கம்பாட்டிபிள், பெக்கை எடுத்துடு" என்றார். நான் செய்வதே மெல்ட் கிரானுலேஷன்; பெக்கை உருக்கித்தான் மருந்துத் தூளைக் குருணையாக ஒட்டவைக்க வேண்டும். பெக்கை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

இரண்டு நாள் தூங்காமல் யோசித்த பிறகுதான் உறைத்தது. பெக் 60-லேயே உருகிவிடுகிறது. சூடு ஏற ஏற மருந்து அந்தத் திரவத்தில் கரைந்துகொண்டே போகிறது. 170-ல் உருகுவதற்குப் படிகமே மிஞ்சவில்லை. மாத்திரை எந்தக் காலத்தில் அந்தச் சூட்டைப் பார்க்கப்போகிறது?

சொன்னால் நம்ப மாட்டார் என்று, லேபில் தூசி படிந்து கிடந்த உருகுநிலைக் கருவியில் கலவையைக் கேபிலரியில் போட்டு அவரையே லென்ஸ் வழியாகப் பார்க்க வைத்தேன். முதலில் கலங்கல், பிறகு 170-க்கு வெகு முன்பே கண்ணாடி மாதிரி தெளிவு. "ம்" என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

அப்புறமும் விடவில்லை; 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் நான்கு வாரம் வைத்து எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பீக்காகக் காட்டி அளக்கும் சோதனை) பார்க்கச் சொன்னார். அதுதான் சரியான சோதனையும்கூட. அளவு குறையவில்லை, புதுப் பீக் எதுவும் இல்லை.

இன்னொன்று: டிஎஸ்சி கிராஃபில் எக்ஸோ (வெப்பம் வெளியாகும் திசை) மேலா கீழா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் இல்லை. அதைக் கேட்க இன்னொரு பஸ் டிக்கெட் செலவானது.