யமமோட்டோவின் இரண்டு விரல்கள்

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான 2025 உலகத் தொடரின் கடைசிப் பந்தை இன்று மெதுவோட்டத்தில் மறுபடி பார்த்தேன். டொராண்டோ, பதினோராவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் அணியின் ஜப்பானிய வீச்சாளர் யமமோட்டோ வீசிய ஸ்பிளிட்டர், அதாவது வேகப்பந்து போல வந்து கடைசியில் இறங்கும் பந்து. டொராண்டோ அணியின் கர்க்கின் மட்டை உடைந்து, ஒரே பந்தில் இருவர் அவுட்.

முந்தைய நாள்தான் 96 பந்துகள் வீசிய கை அது!

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பந்தின் இரு பக்கமும் அகன்று நிற்கின்றன. பார்க்க வேண்டியது அதைத்தான்.

கை வீச்சு வேகப்பந்துக்கு உரியதுதான். மணிக்கட்டை முறுக்குவதில்லை. விரல்கள் அகன்றிருப்பதால் பின்சுழற்சி குறைகிறது, பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறைகிறது. மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் பந்து முழங்காலுக்குக் கீழே இறங்குவது தெரியும்.

அமெரிக்கா போன ஜப்பானிய வீச்சாளர் நோமோ 1995-லேயே, ஸ்பிளிட்டரைப் போலவே இறங்கும் ஃபோர்க் பந்தை நம்பி 236 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது) எடுத்தார்.

ஜப்பானிய வீச்சாளர்களுக்கு அமெரிக்கா போனதும் முதல் தலைவலி பந்துதான். ஜப்பானின் மிசுனோ பந்து விரலில் ஒட்டும். அமெரிக்காவின் ராலிங்ஸ் பந்து வழுக்கும். ஆட்டத்துக்கு முன் ஆற்றுச் சேறு தேய்த்துக் கொடுத்தாலும் அந்தப் பிடிப்பு வராது. விரல் வழுக்கினால் ஸ்பிளிட்டர் இறங்காமல் இடுப்புயரத்தில் வரும், அடிப்பவருக்கு விருந்து. பயந்து இறுக்கிப் பிடித்தால் முன்கைக்கும் முழங்கைக்கும் சுமை.

அடுத்தது ஓய்வு. ஜப்பானில் வாரம் ஒருமுறை வீசிப் பழகியவர்களை ஐந்து நாளுக்கு ஒருமுறை இறக்குவது, என் பார்வையில், திறமையை வீணடிப்பது. டாட்ஜர்ஸ் அணி யமமோட்டோவுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஐந்து நாளாவது முழு ஓய்வு கொடுத்தே களமிறக்குகிறது. மற்ற அணிகளும், ஆறு பேர் முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஆறு வீச்சாளர் சுழற்சிக்கு வரட்டும்.