பத்து ரூபாய் நாணயமும் மூன்று தோல்விகளும்

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விட்டம் 27 மில்லிமீட்டர். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வுக்குப் பதில் சித்திரா என்ற செயற்கை வால்வு வைத்தவரின் அட்டையில் '27' என்று எழுதியிருந்தால், அவர் நெஞ்சுக்குள் தைத்திருக்கும் வளையம் ஏறக்குறைய அந்த அகலம்தான். அதற்குள் ஒரு வட்டத் தட்டு, ஒரு துடிப்புக்கு ஒரு முறை சாய்ந்து திறக்கும், திரும்ப மூடும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் நாளைக்கு 1,03,680 முறை. வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம். எண்ணெய் விட முடியாது, கழற்றித் துடைக்க முடியாது, ஒரு நாள் கூட லீவு கிடையாது.

நெல்லைச் சீமையில் "சித்திராவுக்குக் கொண்டு போயிருக்காவ" என்றால் யாரும் எந்தச் சித்திரா என்று கேட்பதில்லை. நாகர்கோவில் வழியாக 150 கிலோமீட்டர் போனால் வரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம்தான். அங்கே ஆபரேஷன் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நிறுவனத்தின் இன்னொரு பாதி பூஜப்புராவில் சாட்டல்மண்ட் அரண்மனையில் இருப்பதும், அங்கே டாக்டர்களோடு பொறியாளர்களும் வேதியியல்காரர்களும் உட்கார்ந்து வேலை பார்ப்பதும் அவ்வளவாகத் தெரியாது. இந்த வால்வு பிறந்தது அந்தப் பாதியில். அதற்குத் தலைமை தாங்கியவர் எம்.எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை மருத்துவர்.

1934இல் மாவேலிக்கரையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, பிறகு இங்கிலாந்தில் எஃப்.ஆர்.சி.எஸ்., பிறகு அமெரிக்காவில் இதய அறுவைப் பயிற்சி. அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் சார்லஸ் ஹஃப்னகல். 1952இல் மனித உடலில் முதன்முதலாகச் செயற்கை வால்வு வைத்தவர். அது கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. இதயத்துக்குள் வைக்க அப்போது வழியில்லாததால் கீழிறங்கும் பெருந்தமனியில் வைத்தார். டக் டக் என்று வெளியே கேட்கும். வால்வைக் கையால் செய்து பார்த்த ஓர் ஆளிடம் பாடம் படித்துவிட்டு, 1974இல் வலியத்தான் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். அப்போது இந்தியாவில் எல்லா வால்வும் இறக்குமதி. ஆபரேஷன் செய்யக் கை இருந்தும், வால்வு வாங்க வழியில்லாமல் நோயாளிகள் திரும்பிப் போன காலம்.

இனி தோல்விகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் அதுதான்.

முதல் மாதிரியில் டைட்டானியக் கூடு, பிளாஸ்டிக் தட்டு. தட்டைத் தாங்கும் கம்பியை வெல்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். வேகச் சோதனை இயந்திரத்தில் ஓட்டியபோது வெல்டு வைத்த இடம் விட்டுப்போனது. கோடிக்கணக்கான முறை வளைந்து நிமிரும் கம்பியில் வெல்டுதான் பலவீனமான முடிச்சு. இதை இந்தியாவின் கைத்திறன் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் தயாரான பியோர்க்-ஷைலி குவிகுழி வால்வு உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்கு வைக்கப்பட்டது. அதிலும் வெல்டு வைத்த கம்பிதான் உடைந்தது, அதுவும் நோயாளிகளின் நெஞ்சுக்குள். 1986இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் உடைந்தது மேசை மேல். இந்த வித்தியாசத்துக்காகத்தான் சோதனைச்சாலை.

இரண்டாவது மாதிரியில் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்தார்கள். நீலக்கல் கண்ணாடி போல வழவழப்பு, வைரத்துக்கு அடுத்த வரிசைக் கடினம். ஆனால் கூடு இன்னும் டைட்டானியம். டைட்டானியம் வலுவானது, உடம்பு ஏற்றுக்கொள்ளும். உரசல் மட்டும் அதற்கு ஆகாது. நீலக்கல் அதை அரம் போல அராவியது.

சரி, கூட்டைக் கடினமாக்குவோம் என்று ஹேன்ஸ்-25 உலோகத்துக்குப் போனார்கள். கோபால்ட் அடிப்படை, குரோமியம் 20 சதம், டங்ஸ்டன் 15, நிக்கல் 10. ஜெட் என்ஜினில் போடும் சரக்கு. தேய்மானம் அடங்கியது. செம்மறியாட்டுக்கு வைத்தார்கள். ஆட்டின் நெஞ்சுக்குள் நீலக்கல் தட்டு உடைந்தது, ஆடு செத்தது. கடினமான பொருள் தேயாது, ஆனால் நொறுங்கும்.

இந்த இடத்தில் பலரும் கையை விரித்திருப்பார்கள். வருஷங்கள் ஓடியிருந்தன, செலவழித்தது அரசுப் பணம். இவர்கள் யோசனையைத் திருப்பிப் போட்டார்கள்: இரண்டும் கடினமாக இருக்க வேண்டியதில்லை, ஒன்று கடினம், ஒன்று மெத்து. ஹேன்ஸ்-25 கூடு அப்படியே இருக்கட்டும், தட்டை மட்டும் மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீனில் செய்வோம். செயற்கை இடுப்பு மூட்டில் 1960களிலிருந்து உலோகத்தோடு உரசிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் அதே பிளாஸ்டிக். கூட்டை ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்து எடுத்தார்கள், எங்கேயும் வெல்டு கிடையாது. சுற்றிலும் பாலியஸ்டர் துணியில் தையல் வளையம். தட்டைக் கீல் போட்டு மாட்டவில்லை. கம்பிகளுக்கிடையில் மிதந்தபடி, சாயும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் தேய்மானம் ஒரே இடத்தில் குழி விழாமல் விளிம்பு முழுவதும் பரவும். எனக்கு இந்த வால்வில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்கு வைத்தார்கள். அத்தோடு கடை திறந்துவிடவில்லை. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு வைத்து, மிட்ரல் 205, பெருந்தமனி வாயிலிலுள்ள அயோர்டிக் 101 என்று பிரித்து, ரத்தம் உறைந்து கட்டியாதல், ரத்தக்கசிவு, தொற்று எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வைத்திருக்கிறார்கள்.

வலியத்தானின் இன்னொரு ஆராய்ச்சி நம் மண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. இதயத்தின் உட்சுவர் தோல் போலத் தடித்து, கீழறை சுருங்கி, மேலறை ஊதிப்போகும் ஒரு நோய், எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். கை கால் குச்சியாகவும் வயிறு நீர் கோத்தும் வருவார்கள். கேரளக் கரையில் ஏழைகளிடம் அதிகம் கண்டது. அவர் தடித்த உறையை உரித்தெடுத்து வால்வும் மாற்றினார். ஆனால் ஏன் வருகிறது? கேரளத்தின் சவரா, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரைமணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியம், சீரியம் என்ற உலோகங்கள் உண்டு. நோயாளிகளின் இதயத் தசையில் சீரியம் கூடுதலாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருப்பதைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரோடு சேர்ந்து கண்டார்கள். அந்த மண்ணில் விளைந்த மரச்சீனிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்னும் உடம்பு என்பது ஊகம். எலிகளுக்கு மக்னீசியத்தைக் குறைத்துச் சீரியம் கொடுத்தபோது இதயத்தில் கோளாறு வந்தது. ஆனால் ஒட்டுண்ணி, ஈசினோஃபில் என்ற வெள்ளையணுப் பெருக்கம், சத்துக்குறைவு என்று வேறு விளக்கங்களும் நின்றன. வழக்கு முடியவில்லை. அதற்குள் மக்களின் சாப்பாடு மாறி, நோயே அரிதாகிப் போனது. கேள்வி கேட்டவரின் கையிலிருந்து நோய் நழுவிப் போவதும் ஆராய்ச்சியில் நடக்கும்.

வால்வுக்குத் திரும்புவோம். ஆராய்ச்சி தீர்க்காமல் விட்டது ஒன்று: உலோக வால்வில் ரத்தம் உறையும். அதனால் வாழ்நாள் முழுக்க உறைதலைத் தடுக்கும் மாத்திரை. இங்கே அதிகம் எழுதுவது அசிட்ரோம். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். அளவு அயோர்டிக் வால்வுக்கு 2 முதல் 3, மிட்ரலுக்கு 2.5 முதல் 3.5 என்பது பொதுவான இலக்கு. உங்கள் இலக்கை உங்கள் டாக்டர் எழுதியிருப்பார். அசிட்ரோம், அதே வேலை செய்யும் வார்ஃபரினை விடச் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும். எனவே அம்மன் கொடை மூன்று நாளும் மாத்திரையை மறந்தால் வார்ஃபரின்காரரை விட இவருக்கு ஆபத்து முந்தி வரும். மறந்தது மறந்ததுதான், மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

கீரையே தொடக் கூடாது என்று சொல்வது தப்பு. கீரையிலுள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், அதன் அளவு எகிறி இறங்குவதுதான் தொல்லை. தினமும் ஒரு கரண்டி முருங்கைக்கீரை தின்பவருக்கு மாத்திரையை அதற்கேற்ப வைத்துவிடலாம். மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு துவாதசிக்கு ஒரு தட்டு அகத்திக்கீரை தின்றால் ஐ.என்.ஆர். இறங்கும். ஏற்றிவிடும் பட்டியல் வேறு: வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். இடுப்பில் ஊசி போட்டால் ரத்தம் கட்டும்.

ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி வேறு கணக்கு. சிறுவயதுத் தொண்டைத் தொற்றில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தின்றவர்களுக்கு, வால்வு மாற்றிய பிறகும் மற்ற வால்வுகளுக்காக அது தொடரும். பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட். மருந்து பால் போல் கெட்டி, ஊசி அடைத்துக்கொள்ளும். எனவே 21 கேஜ் ஊசி, கரைத்த உடனே, நிறுத்தாமல் மெதுவாக. ஐ.என்.ஆர். பார்க்காமல் போட வேண்டாம் என்று நர்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லை மீறியிருந்தால் மாத்திரை வடிவத்துக்கு மாற்ற டாக்டருக்கு வழி உண்டு.

திடீர் மூச்சுத்திணறல், படுக்க முடியாமை, வழக்கமாகக் கேட்கும் மெல்லிய சத்தம் நின்றுபோதல், இவற்றில் எது வந்தாலும் வால்வு சிக்கியதன் அடையாளமாக இருக்கலாம். மற்ற தட்டு வால்வுகளில் பலவற்றை எக்ஸ்ரே திரையில் பார்த்தே தட்டு அசைகிறதா என்று சொல்லிவிடலாம். சித்திரா வால்வின் தட்டு பிளாஸ்டிக், எக்ஸ்ரேயில் தெரியாது, கூடு மட்டும் தெரியும். இரவில் பாளையங்கோட்டையில் எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் "டி.டி.கே. சித்திரா வால்வு, எக்கோ பாருங்க" என்று சொல்ல வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வால்வு அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்து, கடைசி ஐ.என்.ஆர். சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள்.