பென் டிரைவை எப்போது பிடுங்கலாம்?

லுபுண்டுவில் (லினக்ஸ் வகை இயங்குதளம்) காப்பி ஆகும் விண்டோ மறைந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். ஃபைலின் ஒரு பகுதி இன்னும் ராமிலேயே இருக்கலாம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வழக்கமாக 30 விநாடி வரை அதை எழுதாமல் வைத்திருக்கும். மலிவான டிரைவ் என்றால் எழுதி முடிக்கச் சில நிமிடம்கூடப் பிடிக்கும். அதற்குள் பிடுங்கினால் ஃபைல் அரைகுறையாகும், டிரைவில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட்32 அட்டவணையும் கெடலாம்.

ஃபைல் மேனேஜரின் பக்கப்பட்டியில் டிரைவ் பெயரை ஒட்டியுள்ள எஜெக்ட் குறியை அழுத்தினால் போதும். கட்டளை அடித்து வேலை செய்யும் டெர்மினல்காரர்கள் ‘எல்எஸ்பிஎல்கே’ (lsblk) அடித்து டிரைவின் பெயரைப் பார்த்துவிட்டு, ‘சூடோ யுமவுண்ட்’ (sudo umount) என்பதோடு அந்தப் பெயரையும் கொடுங்கள். அடுத்த கட்டளையைக் கேட்கும் புராம்ப்ட் திரும்பும்வரை கை வைக்க வேண்டாம். அது உறைந்துபோகவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறது.

‘டார்கெட் இஸ் பிசி’ என்று முரண்டு பிடித்தால், பெரும்பாலும் டிரைவின் ஃபோல்டருக்குள் நிற்கும் உங்கள் டெர்மினல்தான் காரணம். வெறும் ‘சிடி’ (cd) அடித்து வெளியே வாருங்கள். அப்போதும் மறுத்தால், பிடித்துவைத்திருப்பது யாரென்று ‘எல்எஸ்ஓஎஃப்’ (lsof) கட்டளை காட்டிக்கொடுக்கும். ‘யுமவுண்ட் -எல்’ பக்கம் போகாதீர்கள்: டிரைவ் கண்ணிலிருந்து மறையும், எழுதுவது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.