எல்லா சாம்பிளும் விறைத்த நாள்

சிவப்பணு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று அளப்பது என் வேலை. ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அணு, தன்னைவிடக் குறுகிய தந்துகிகளுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். மண்ணீரலில் உள்ள பிளவுகள் அவற்றைவிடவும் ஒடுக்கமானவை. விறைத்த அணு அங்கே சிக்கி அழிந்துவிடும்.

முதலில் கற்றது வடிகட்டும் முறை. 5 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வின் வழியே அணுக்கள் எவ்வளவு நேரத்தில் இறங்குகின்றன என்று பார்ப்போம். வெள்ளையணுக்கள் கொஞ்சம் மிஞ்சினாலே துளை அடைத்துக்கொள்ளும், கணக்கு போய்விடும். அப்புறம்தான் அணு எவ்வளவு நீள்கிறது என்று லேசரால் அளக்கும் எக்டாசைட்டோமீட்டர் என்ற கருவிக்கு வந்தேன்.

அதில் சில துளி இரத்தத்தைப் பாலிவினைல் பைரோலிடோன் என்ற கொழகொழப்பான கரைசலில் கலந்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, ஓர் உருளையைச் சுழற்றுவோம். லேசர் ஒளி அணுக்களில் பட்டுச் சிதறித் திரையில் விழும். மெதுவாகச் சுழலும்போது அது வட்டம். வேகம் கூடக் கூட நீள்வட்டமாகும். அணு நீளும் திசைக்குக் குறுக்காக அந்த நீள்வட்டம் நீள்வதை முதன்முறை பார்த்தபோது வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது நீட்சிக் குறியீடு.

ஒரு நாள் காலை முதல் வந்த எல்லா சாம்பிளுக்கும் குறியீடு தாழ்ந்தே வந்தது. உருளைகளைத் துடைத்தேன், லேசரைச் சரிபார்த்தேன். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஆரோக்கியமான இரத்தத்தையும் ஓட்டினேன், அதுவும் விறைப்பு. மூத்தவர் ஒருவர் வந்து, "கரைசலோட ஆஸ்மோலாலிட்டி பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். கரைசலில் உப்பு முதலியவை எவ்வளவு செறிவாகக் கரைந்திருக்கின்றன என்ற அளவு அது. பார்க்கவில்லை. முந்தின நாள் நான்தான் தயாரித்தேன், உப்பை எடை போட்டதோடு விட்டுவிட்டேன். 290 இருக்க வேண்டிய இடத்தில் 340க்கு மேல் காட்டியது. அவ்வளவு செறிவில் அணுவிலிருந்து நீர் வெளியேறும். உள்ளே ஹீமோகுளோபின் நெருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு எப்படி வளையும்?

அன்று வந்ததில் ஒன்று ஒரு குழந்தையின் இரத்தம். மீதம் போதவில்லை. மறுநாள் அந்தச் சின்னக் கையில் இன்னொரு முறை ஊசி போட்டார்கள், என்னால். அது இன்னும் உறுத்துகிறது.

புதிய சாம்பிளை, இரண்டு முறை அளந்து பார்த்த கரைசலில் ஓட்டினேன். ஒப்பீட்டு இரத்தம் சரியாக நீண்டது. குழந்தையுடையது இன்னமும் தாழ்ந்தே இருந்தது. சரி, ஆஸ்மோலாலிட்டியைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே அளக்கும் முறையில் பார்ப்போம் என்று ஓட்டினேன். அந்த அளவு மாற மாறக் குறியீடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோட்டின் உச்சி தணிந்து, இடப்பக்கப் பள்ளம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. பரம்பரையாக வரும் கோளவடிவச் சிவப்பணு நோயில் கோடு இப்படித்தான் வரும். முதல் நாள் நான் கோட்டைவிட்ட அதே அளவுதான் இப்போது நோயைக் காட்டிக்கொடுத்தது. மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.