ஓரத்தில் இருந்த அடுப்பு

கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் ஃபிரேம் போடும் கடை ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். வருவதெல்லாம் பட்டச் சான்றிதழும் கல்யாணப் போட்டோவும்தான். ஒருநாள் வயதான அம்மா ஒருவர் தபால் அட்டை அளவில் ஒரு வாட்டர்கலர் கொண்டுவந்தார். வெள்ளையடித்த மண்வீடு, அவரே வரைந்தது.

வாட்டர்கலர் கண்ணாடியில் படக்கூடாது. ஈரம் கோத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று வைப்போம், அதற்கு 'மேட்' என்று பெயர். ஜன்னல் படத்தின் ஓரத்தை இம்மியளவு மூடினால் போதும். இந்தப் படத்தின் வலது ஓரத்தில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. தூரிகை துடைத்த கறை என்று நானாகவே முடிவு செய்து, அது மறையும்படி அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டினேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

படத்தைத் திரும்ப வாங்க வந்த அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்கே?" என்றார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். சான் பெட்ரோ சதுக்கத்தில் உணவகங்களுக்கு நடுவே நிற்கிறது பெரால்டா அடோபி. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து வெயிலில் காயவைத்த சுடாத கல்லால் 1797-இல் கட்டியது. 1777-இல் ஸ்பானியர்கள் அமைத்த ஊரில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இரண்டே அறை. வீட்டுக்காரர் லூயிஸ் பெரால்டாவுக்கு, இன்றைய ஓக்லாந்து, பெர்க்லி இருக்கும் பக்கம் 40,000 ஏக்கருக்கு மேல் நிலம் மானியமாகக் கிடைத்தது; மனுஷன் 1851-இல் சாகும்வரை இங்கேதான் இருந்திருக்கிறார்.

வெளியே கவிழ்த்த பானை மாதிரி அந்த அடுப்பு. 'ஓர்னோ' என்கிறார்கள். உள்ளே விறகை எரித்து, சாம்பலை வாரிவிட்டு, மண்ணில் தங்கிய சூட்டிலேயே ரொட்டி சுடுவது. சமையல் நடந்த இடத்தைத்தான் கறை என்று மூடி வைத்திருந்தேன்.

நல்லவேளை, படத்தை ஜப்பானியக் காகிதத்தில் மாவுப் பசை தடவித்தான் தொங்கவிட்டிருந்தேன். லேசாக ஈரம் காட்டியதும் கழன்று வந்தது. புது அட்டைக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், அது இருக்கட்டும்.

மறுவாரம் அந்த அம்மா வந்தார். கண்ணாடிமேல் விரலை வைத்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ரேகை பதிந்துவிட்டது. துடைக்கத் துணியை எடுத்தேன். "விடு" என்று சொல்லி அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.